எட்டில் ஒரு பங்கு

அக்டோபர் 12, ஞாயிறு

தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயத்தில் காலை ஆராதனை. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு காலத்தில், 1718-இல் கட்டிய சுவர்களுக்குள் மின்விசிறி சுற்றியும் வியர்த்தது. பிரசங்கம், பைபிளில் மத்தேயு 20, இயேசு சொன்ன உவமை. விடியற்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும், பதினோராம் மணி வேளையில் (நம் கணக்கில் சாயங்காலம் ஐந்து) வந்தவனுக்கும் திராட்சத் தோட்டக்காரன் ஒரே பணம் கொடுக்கிறான். முணுமுணுத்தவனிடம், "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்கிறான். வன்கண்ணன்! பிறர் நன்மை பொறாதவன். அந்தச் சொல்லை மென்றுகொண்டே வீடு வந்தேன். வாய்க்கால் தண்ணீரில் தன் முறை முடிந்தும் மடையை அடைக்காத மேல்மடைக்காரரின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

அக்டோபர் 15, புதன்

இரண்டு மா சம்பா நடவு. எட்டுப் பெண்கள். ஆயா மட்டும் பதினோரு மணிக்கு வந்தார். அரசு மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரை வாங்கப் போயிருந்தாராம். வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். இடக்கையில் நாற்று முடியைப் பிடித்து, பெருவிரல் இரண்டு மூன்று நாற்றாகத் தள்ளத் தள்ள, வலக்கை ஊன்றிக்கொண்டே பின்னால் நகர்ந்தது. அவர் நட்ட பக்கம் கோணவே இல்லை.

பொழுது சாயக் கூலி கொடுத்தேன். ஆளுக்கு 400. ஆயாவுக்கு 200. பிரசங்கம் நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. அது பரலோக ராஜ்யத்தைப் பற்றியது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு, ஆட்களைக் கூட்டி வந்த பெண் வாசலில் நின்றாள்.

"வாத்தியாரய்யா, ஐந்நூறுக்குச் சில்லறை இருக்கிறதா? ஆளுக்கு 375 பிரிக்க வேண்டும்."

2800-உம் 200-உம் 3000. வகுத்தல் எட்டு. முப்பது வருடம் கணக்கு வாத்தியார் நான். விரல் விட்டுத்தான் எண்ணினேன்.

"எப்போதும் இப்படித்தானா?"

"வந்தது எட்டுப் பேர்தானே, ஐயா."

உவமையில் முணுமுணுத்தவர்கள் காலையிலேயே வந்தவர்கள். இங்கே காலையில் வந்தவர்கள் ஆளுக்கு 25 ரூபாயை விட்டுக்கொடுத்தார்கள். வன்கண் தோட்டக்காரனான எனக்கு.

அக்டோபர் 16, வியாழன்

தூக்கமில்லை. இந்த மண்ணில் கூலியைச் சில்லறைக் காரியம் என்று சொல்லிவிட முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் கொண்டாடிய இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்த மக்கள் கேட்டது கூலி உயர்வு. கூலிக்காரனுக்குப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு என்று உபாகமம் 24 சொல்கிறது. எனக்கு ஒரு பொழுது போய்விட்டது.

காலையில் 200 ரூபாயுடன் ஆயா வீட்டுக்குப் போனேன். அவர் வாங்கவில்லை.

"இது எனக்கு இல்லை, ஐயா. எட்டுப் பேருக்கும் 25."

என் கணக்குக்கு இன்னும் ஒரு வகுத்தல் பாக்கி இருந்திருக்கிறது.

அக்டோபர் 18, சனி

மேல்மடைக்காரரையும் மன்னித்துவிடுங்களேன் என்கிறாள் வீட்டில். மன்னிக்கலாம். ஆனால் "என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா" என்று கேட்ட தோட்டக்காரன் தன் பணத்தைக் கொடுத்தான். வாய்க்கால் தண்ணீர் மேல்மடைக்காரருடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. எனக்குக் கீழே கடைமடையில் நான்கு பேருக்கு நிலம் இருக்கிறது. அவர்களுக்கு வர வேண்டிய தண்ணீரை நான் எப்படி மன்னித்துவிடுவது? இதற்கு மத்தேயு போதாது, ஆமோஸ் தீர்க்கதரிசி வேண்டும்: நீதி வற்றாத நதியைப்போலப் புரண்டு வரட்டும் என்றவர். அவர் நாட்டு ஓடைகளும் மழை போனதும் வற்றிவிடுகிறவைதாம். கடைமடைக்காரனுக்கு அந்த ஏக்கம் சொல்லாமலே புரியும்.

நீர்வளத் துறைக்கு மனு எழுதினேன். நால்வரிடமும் கையெழுத்து வாங்கப் போனேன். மூவர் போட்டார்கள். நான்காமவர் இரண்டு முறை படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"போன முறையில் நீங்கள் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பாய்ச்சினீர்களே, சார். அது இதில் இல்லையே?"

வீட்டுக்கு வந்து வேறு தாள் எடுத்தேன்.