மெலித்தாவுக்கு விசா

பாளையங்கோட்டையில் எங்கள் கோயிலில் பைபிளின் அப்போஸ்தலர் 28 வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆசை வரும். கப்பல் உடைந்து பவுல் கரையேறிய மெலித்தா தீவைப் பார்த்துவிட வேண்டும். இன்றைக்கு அதன் பெயர் மால்டா. தலைநகர் வலேட்டாவில் பிப்ரவரி 10 அன்று அந்தக் கப்பற்சேதத்துக்கே திருவிழா எடுக்கிறார்கள். ரிட்டயர்டு ஆன பிறகு எங்க சாரையும் இழுத்துக்கொண்டு போய் வந்துவிட்டேன். (சார் என்றால் என் வீட்டுக்காரர். அவரும் வாத்தியார்தான்.)

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு ஷெங்கன் என்று பெயர். மால்டா 2007 கடைசியில் அதில் சேர்ந்துவிட்டது. அதனால் நம் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இதை எங்கள் சபை ஐயரிடம் (பாஸ்டரிடம்) சொன்னேன். "பவுலே மூணு மாசத்துல கிளம்பிட்டாரே டீச்சர்" என்று சிரித்தார்.

கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் கூலி தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும். நாம் திரும்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதமாவது செல்ல வேண்டும். இதெல்லாம் பெரிய பாடில்லை.

பாடாய்ப் படுத்தியது என் பெயர்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. பேங்க் பாஸ்புக்கில் அதுவே ஒற்றை இனிஷியல். பென்ஷன் புத்தகத்திலோ சாருடைய இனிஷியல். நம்ம ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. அங்கே உட்கார்ந்து ஃபைலைப் பார்க்கிறவருக்கு மூன்று பெண்கள்! மூவரும் ஒருத்திதான் என்று நோட்டரியிடம் அபிடவிட் வாங்கி வைத்தேன்.

அடுத்தது பணம். கணக்கில் தொகை கூடுதலாகத் தெரியட்டும் என்று சார் ஒரு டெபாசிட்டை உடைத்து மொத்தமாகப் போட்டுவிட்டார். டிக்கெட் போட்ட பையன் தலையில் கை வைத்தான். "திடீர்னு வந்த பணம்னா சந்தேகப்படுவாங்க சார்வாள்." பிறகு டெபாசிட் ரசீதின் நகலையும் சேர்த்தோம். நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போய் விரல் ரேகை கொடுத்தோம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். சட்டப்படி 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், ஆனால் 45 நாள் வரை இழுக்கவும் இடமுண்டு. கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

விசா வந்ததும் வீட்டில் ஒரு சண்டை. ஸ்டிக்கரில் தேதிக்கும் தேதிக்கும் நடுவே 27 நாள் இருந்தது. "இன்னும் ரெண்டு வாரம் இருக்கலாம்டீ" என்றார் சார். கீழே பொடி எழுத்தில் தங்கும் நாள் 12 என்று போட்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. அந்த 12 தான் கணக்கு. மிச்சம் 15 நாள், பயணத் தேதி முன்பின் நகர்ந்தால் சமாளிக்கக் கொடுக்கும் சலுகை. இறங்குகிற நாளும் ஒன்று, கிளம்புகிற நாளும் ஒன்று.

பெட்டியில் நெய் வைக்காதீர்கள், கறிவேப்பிலையும் கூடாது. பால் பொருளும் பச்சை இலையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக விட மாட்டார்கள். அல்வா கொண்டுபோனேன், யாரும் கேட்கவில்லை.

விசா இருந்தாலும் உள்ளே விடுவதும் விடாததும் வாசலில் இருக்கும் அதிகாரி கையில். ஓட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றையும் கைப்பையில் வைத்திருந்தேன். எதற்கு வந்தீர்கள் என்றார். பவுலைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். இப்போது போகிறவர்களுக்கு அந்த முத்திரை கிடைக்காது. 2025 அக்டோபரில் தொடங்கிய புது முறையில் முகத்தையும் விரல் ரேகையையும் கம்ப்யூட்டரில் பதிகிறார்கள். நாள் கணக்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

விமானம் அமைந்தபடி பதினோராம் நாளே கிளம்பிவிட்டோம். விட்டுப்போன அந்த ஒரு நாளை சார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.