பெற்றோல் செட் லைனில சனத்தோட நிண்ட காலம்

2022 இல பெற்றோல் தட்டுப்பாடு வந்த நேரம் நான் கிளிநொச்சியில ஏ9 றோட்டுக்கரையில ஒரு செட்டில வேலை. பெற்றோல் கொண்டுவாற பவுசர் லொறி வருதாம் எண்டு கதை அடிபட்டாலே காணும், அக்கராயன், பூநகரிப் பக்கமிருந்தெல்லாம் விடியப்பறமே சனம் வந்து மோட்டர்சைக்கிளை லைனில விட்டிடும்.

எங்கட சனம் நிக்கிறதுக்குப் பஞ்சிப்படுற சனமில்லை. 2009 இல சண்டையால இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமுகளில தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் லைனில நிண்ட ஆக்கள்தான் இஞ்சயும் நிண்டவை. தனக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ எண்டு தெரியாமல் வெயிலுக்க நிக்க விட்டால்தான் கொதி வரும், அது நியாயமான கொதி.

அதால பவுசர் இறக்கின உடனயே நாங்கள் கணக்குப் பாத்திடுவம். கியூஆர் கோட்டை ஸ்கான் பண்ணி அளந்து குடுக்கிற முறை வந்த புதுசில கிழமைக்கு மோட்டர்சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. 6600 லீற்றர் இறங்கினா மோட்டர்சைக்கிள் மட்டுமெண்டா 1650 பேருக்குக் காணும், ஆனா ஒரு கார் வந்தா அஞ்சு பேரின்ர பங்கு போயிடும். பிறகு லைன் நெடுக நடந்துபோய், அண்ணை இதுவரைக்கும் நிச்சயம், இதுக்குப் பின்னால சொல்ல ஏலாது, நிக்கிறதெண்டா யோசிச்சு நில்லுங்கோ எண்டு ஒவ்வொருத்தரின்ர முகத்தையும் பாத்துச் சொல்லுறது. கேற்றடியில நிண்டு கத்தினா பின்னுக்குப் போகேக்க கதை வேற மாதிரி மாறிடும்.

ஒருநாள் ஒரு ஐயா கியூஆரை பிரிண்ட் எடுத்து லமினேட் பண்ணிக் கொண்டுவந்தவர், ஷேர்ட் பொக்கற்றுக்க கிடந்து வேர்வையில மங்கி ஸ்கான் ஆகுதில்லை. பின்னுக்கு ஹோர்ன் அடிக்கிறாங்கள், ஐயாவுக்குக் கை நடுங்குது. "ஐயா ஆறுதலா எடுங்கோ, சாரத்தால ஒருக்காத் துடைச்சிட்டுக் காட்டுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு, பின்னுக்கு நிண்ட தம்பியைப் பாத்து "உமக்கும் பெற்றோல் இருக்கு தம்பி, பயப்பிடாதையும்" எண்டன். ஹோர்ன் நிண்டிட்டுது. பொறு பொறு எண்டு சொல்லியிருந்தா நிண்டிராது, அந்தப் பெடியனுக்கு வேண்டியிருந்தது இருக்கு எண்ட ஒரு சொல்லுத்தான்.

பிள்ளைத்தாச்சியோ வருத்தக்காரரோ வந்தா நாங்களா முன்னுக்கு விடுறேல்லை. முன்னுக்கு நிக்கிற நாலைஞ்சு பேரிட்ட, இவவை விடுவமோ எண்டு கேப்பம். நான் கேட்டு ஒருத்தரும் ஏலாதெண்டு சொன்னதில்லை, சிலவேளை அவையே பின்னுக்குத் திரும்பி "வழி விடுங்கோடாப்பா" எண்டு சத்தம் போட்டுவிடுவினம்.