இலுப்பைப்பூ நாட்கள்

பிப்ரவரி 2

இன்று முதல் பீரில் மலிவான லாகர் மட்டும். கசப்பும் மணமும் தூக்கலான ஒரு நல்ல ஐபிஏ பீர் வாங்கும் காசில் இது நாலு கேன் வருகிறது. கணக்கு அவ்வளவுதான். அலமாரியில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு இம்பீரியல் ஸ்டவுட், கறுத்த கெட்டி பீர். அதைத் தொடப் போவதில்லை. வேலை பற்றித் தகவல் வந்த பிறகுதான்.

பிப்ரவரி 3

போன் வரவில்லை.

பிப்ரவரி 5

கேனை அப்படியே வாயில் வைக்க மனம் வரவில்லை. பழைய கண்ணாடிக் கோப்பையை எடுத்துக் கழுவி, சாய்த்துப் பிடித்து ஊற்றி, கடைசியில் நிமிர்த்தினேன். நுரை இரண்டு விரல் உயரம் எழுந்தது. மூக்கை உள்ளே விட்டேன். ஈர வைக்கோல். அதற்குப் பின்னால் லேசாக, வேகவைத்த சோளம். முடிந்தது.

நோட்டைத் திறந்தவன் எழுத ஒன்றும் இல்லாமல் மூடிவிட்டேன். போன வருடம் இதே நோட்டில் ஒரு ஸ்டவுட்டுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். காப்பி, கரிந்த ரொட்டி, பழைய தோல். பழைய தோலை எப்போது நக்கிப் பார்த்தேன்? எழுதியவனை நாலு அறை அறையலாம் போலிருந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் நுரை அடங்கி, கோப்பையின் விளிம்பில் மெல்லிய வளையமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 6

விஷயத்தைச் சொன்னதும் நண்பன் சிரித்தான். "ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. விடுடா."

சும்மாதான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. அவன் வீட்டு விருந்தில் இதே கேனைத் தூக்கிப் பிடித்து, "இது பீரா, பீர்ப் பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவன் நான். காசு போட்டு வாங்கி வைத்திருந்தவன் அவன். மறந்திருப்பான். மறந்திருக்க மாட்டான்.

பிப்ரவரி 9

தூக்கம் இல்லை. கேனில் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர், பார்லி மால்ட், அரிசி, ஹாப்ஸ். மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய தானியம்; ஹாப்ஸ், கசப்பும் மணமும் தரும் பூ.

அரிசியைப் பார்த்ததும் ஏமாற்று வேலை என்று முன்பெல்லாம் குதிப்பேன். முழுக்க அப்படி இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குப் போன ஜெர்மானியர்களுக்கு அங்கே கிடைத்த, கதிரில் ஆறு வரிசை மணி பிடிக்கும் பார்லியில் புரதம் அதிகம். பீர் கலங்கிப் போனது. அரிசியும் சோளமும் சேர்த்ததும் தெளிந்தது. வைத்தியமாக வந்தது அப்புறம் சிக்கனமாக மாறிவிட்டது. அதுவும் உண்மை.

இன்னொன்று. ஐபிஏவில் ஒரு சின்னப் பிசகு நடந்தால் ஹாப்ஸ் மணம் அதை மூடிவிடும். ஸ்டவுட்டில் வறுத்த மால்ட் மூடிவிடும். இதில் ஒளிய இடமே இல்லை. ஈஸ்ட் 10 டிகிரி வாக்கில் மெதுவாக வேலை செய்யும்போது டயசெட்டில் என்ற வெண்ணெய் வாடை உண்டாகும். முடிகிற சமயத்தில் சூட்டைக் கொஞ்சம் ஏற்றினால் ஈஸ்டே அதைத் திரும்பத் தின்றுவிடும். பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் கிடத்துவது. லாகர் என்ற ஜெர்மன் சொல்லே சேமித்து வைப்பதிலிருந்து வந்ததுதான். கிடக்க வேண்டும். பொறுக்க வேண்டும்.

பெரிய ஆலைகள் அந்தப் பொறுமையை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கிவிட்டன. பலவற்றில் பீரைக் கெட்டியாகக் காய்ச்சி, கடைசியில் ஆக்சிஜன் நீக்கிய தண்ணீர் விட்டு இளக்குகிறார்கள். ஆக, விருந்தில் நான் சொன்னது பாதி சரி! ஆனால் ஒரு கேனுக்கும் அடுத்த கேனுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லையே. அந்தக் கைத்திறனைப் பற்றி அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

மணி மூன்று ஆகப் போகிறது.

பிப்ரவரி 10

அக்கா பேசினாள். பணம் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவள் படுகிற பாடு குரலில் தெரிந்தது.

பிப்ரவரி 12

கேன் கிடைக்கவில்லை. அதே லாகர், பச்சை பாட்டிலில் இரண்டு. ஒன்றை ஜன்னல் வெயிலில் வைத்தேன், இன்னொன்றை அலமாரி இருட்டில். பிறகு இரண்டையும் ஒரே அளவுக்குக் குளிர வைத்துத் திறந்தேன். வேலை வெட்டி இல்லாதவன் செய்கிற ஆராய்ச்சி.

இருட்டில் இருந்தது அதே வைக்கோல். வெயிலில் இருந்தது ரப்பர் எரிந்த நாற்றம். ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைக்கும்போது பிறக்கிற கந்தகச் சேர்மம் இது. துளியிலும் துளி போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி பெரும்பாலான வெளிச்சத்தைத் தடுக்கும், கேன் முழுக்கத் தடுக்கும். பச்சை பேருக்குத்தான் தடுக்கும். எத்தனை பாட்டிலை முகர்ந்துவிட்டு 'மட்டமான சரக்கு' என்று தள்ளியிருக்கிறேன்! பாதி நேரம் அது வெயிலில் நின்ற தோஷமாக இருந்திருக்கும்.

நாறியதையும் குடித்து முடித்தேன். கொட்ட மனம் வரவில்லை. முன்பானால் கொட்டியிருப்பேன்.

பிப்ரவரி 13

போன் வந்தது. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்டார்கள்.

பிப்ரவரி 15

1842-இல் இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவின் பில்சன் நகரத்தில் பவேரியாக்காரர் யோசஃப் க்ரோல் காய்ச்சிய பொன்னிற லாகர்தான் இந்தக் கேனுக்குக் கொள்ளுத் தாத்தா. வெளிறிய மால்ட், மென்மையான தண்ணீர், சாட்ஸ் என்ற வகை ஹாப்ஸ். அந்த ஊர்ப் பெயரால் வந்த செக் பில்ஸ்னர்களில் கசப்பு இன்றைக்கும் 30, 40 அலகு வரை இருக்கும். என் கையில் இருப்பதில் 10, 12 இருந்தால் பெரிசு. நிறத்தை வைத்துக்கொண்டு கசப்பைப் பிடுங்கிவிட்டார்கள். யாருக்கும் பிடிக்காமல் போய்விடக் கூடாது என்று செய்த காரியம்.

'நீங்கள் யாரோடும் ஒத்துப்போவீர்களா?' என்று அன்றைக்கு நேர்காணலில் என்னிடம் கேட்டார்கள். தலையாட்டினேன்.

பிப்ரவரி 17

மூன்றாவது கேன். பாதியில், "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன். அறையில் வேறு யாரும் இல்லை.

அந்த வாக்கியம்தான் பயமாக இருக்கிறது. இதைக் குடிப்பதில் எனக்கு வெட்கமில்லை. குளிர்ச்சி, குமிழி, தாகம் அடங்குதல் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கையில் இருப்பதற்கு இது போதும். அதைத் தாண்டி 'நல்லது' என்று சொல்ல ஆரம்பித்தால், அந்த நோட்டு முழுக்க எழுதியவன் யார்?

சோதித்துப் பார்ப்போம் என்று மீதியை அரை மணி நேரம் மேஜையில் விட்டேன். குளிர் விட்டதும் சோள வாடை மேலே வந்தது, இனிப்பு நாக்கில் பிசுபிசுத்தது. குளிர் நாக்கை மரக்க வைக்கும். அதுதான் இத்தனை நாள் எனக்கு உதவி செய்திருக்கிறது. நோட்டில் ஒரே வரி எழுதினேன்: 'சூடானால் சோளம்.' இந்த மாதத்தின் முதல் குறிப்பு. என்னவோ நிம்மதி.

பிப்ரவரி 18

ஸ்டவுட்டை எடுத்துத் தூசி துடைத்தேன். திரும்ப வைத்தேன்.

பிப்ரவரி 20

கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்கள். ஈரக்கையில் போன் வழுக்கியது. நாளைக் காலை பத்தரைக்கு வரச் சொல்கிறார்கள். எதற்கென்று சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. ஃபிரிட்ஜில் இரண்டு கேன் இருக்கிறது. இன்றைக்கு வேண்டாம். சட்டை தேய்க்க வேண்டும்.