யூனிக்கோட் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை

2021 இல் ஒன்லைனில் கல்விமாணிப் (B.Ed.) பட்டத்துக்குப் பதிந்தபோது முதலில் ஒரு படிவம் வந்தது. கணினி இருக்கிறதா, இணையம் இருக்கிறதா, கிழமைக்கு இத்தனை மணித்தியாலம் ஒதுக்க முடியுமா? எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டேன். பொய்யில்லை. யாழ்ப்பாணம் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து ஆறு வருடம் படிப்பித்தவள், படிப்பு எனக்குப் புதிதா என்ன என்ற எண்ணமும் இருந்தது.

முதல் ஒப்படையிலேயே விழுந்தேன். கையால் பதினொரு பக்கம் எழுதி, சந்தியிலிருந்த கொமினிக்கேசன் கடையில் ரைப் செய்யக் கொடுத்தேன். அங்கிருந்த பெடியன் வழக்கம்போல பாமினி எழுத்துருவில் அடித்துத் தந்தான். வேர்ட் கோப்பை அப்படியே மூடிலில் (பல்கலைக்கழகத்தின் ஒன்லைன் பாடத்தளம்) ஏற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். மூன்று கிழமை கழித்து, "வாசிக்க முடியவில்லை" என்ற ஒரு வரியோடு பூச்சியம் வந்தது.

பாமினியில் எங்கள் கண்ணுக்குத் தெரிவது தமிழ், கோப்புக்குள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பைதான் வரும். எழுத்துருவையும் சேர்த்துப் பிடிஎஃப் ஆக்கியிருந்தாலாவது தப்பியிருப்பேன். அதை, இன்றைய கணினி, போன் எல்லாவற்றிலும் தமிழாகவே தெரியும் யூனிக்கோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடப்பதும் பிறகுதான் தெரிந்தது. கலாசாலையில் என்றால் பக்கத்து மேசைக்காரியைச் சுரண்டிக் கேட்டிருப்பேன். இங்கே யாரைச் சுரண்டுவது? விளக்கம் கேட்டு எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது, வழிகாட்டியைப் பார்க்கச் சொல்லி.

ஒரு மாதம் போனிலேயே யூனிக்கோட்டில் தட்டிப் பழகினேன். வட்ஸ்அப்பில் வருடக்கணக்காகத் தமிழில் அடித்துக்கொண்டிருந்ததும் அதே யூனிக்கோட்தான் என்று தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிறகு 2022. மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போகும். இரண்டு வினாடி வினாக்கள் அப்படித் தவறின. மூன்றாவது வினாடி வினா அன்று கரண்ட் இருந்தது, சிக்னலும் இருந்தது. நான்தான் திறக்கவில்லை. ஏற்கெனவே பின்னுக்கு நிற்கிறேன், இனி எங்கே பிடிப்பது என்றொரு அலுப்பு. கேட்டவர்களுக்கெல்லாம் கரண்டைத்தான் சாட்டினேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டண நினைவூட்டல் மட்டும் நாள் தவறாமல் வந்தது.

2023 இல் படிப்புக்குத் திரும்பிப் போனதற்குக் காரணம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ரீச்சர். அதே பாடநெறிக்குப் பதிந்திருந்தா. "அக்கா, இந்த பாஸ்வேர்ட்டை எங்க போடுறது?" என்று ஒருநாள் கேட்டா. அவவுக்குக் காட்டிக் கொடுக்கப் போய் நானும் என் பக்கத்தைத் திறந்தேன். இணுவிலிலிருந்து இன்னொருத்தியும் சேர, மூன்று பேரானோம். வெள்ளிக்கிழமை விரிவுரைகளைத் தரவிறக்குவோம், ஞாயிறு ஒரு வீட்டில் கூடுவோம், ஒப்படையைக் கடைசித் திகதிக்கு இரண்டு நாள் முன்னம் ஏற்றுவோம். யாராவது வராவிட்டால் அன்றிரவே போன்.

தொலைக்கல்விப் பாடத்தில் மைக்கேல் மூர் என்பவரின் கோட்பாடு வந்தது. அவர் சொல்லும் தூரம் கிலோமீற்றர் கணக்கில்லை. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உரையாடல் குறைந்து, பாடத்தின் கட்டமைப்பு இறுக இறுக, அந்தத் தூரம் கூடும் என்கிறார். வாசித்ததும் எனக்கு அந்த ஒன்பது நாளும் ஒற்றை வரிப் பதிலும்தான் ஞாபகம் வந்தன. பல்கலைக்கழகம் இருக்கும் கொழும்பு இங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர், ஆனால் என்னை விழுத்தியது அதில்லை.

போன மாதம் இணுவில்காரி இரண்டு ஞாயிறு வரவில்லை, போனும் ஓஃப். ஒப்படை முடிவு நாளன்று பின்னேரம் ஸ்கூட்டியில் போனோம். வாசலில் எங்களைக் கண்டதும் முகம் கறுத்துப்போனாள். "அக்கா, அந்தக் கேள்வியே விளங்கேல்லை. உங்களிட்டச் சொல்ல வெக்கமாக் கிடந்தது." எங்கள் இருவருக்கும் அந்தக் கேள்வி அரைகுறைதான் என்று சொன்னோம், உண்மையும் அதுதான். அவளின் மாமியார் பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வந்து வைத்தா. குசினி மேசையில் லப்டொப்பை விரித்து மூன்று பேருமாக உட்கார்ந்தோம். 11.59 க்கு மூடும் ஒப்படையை 11.40 க்கு ஏற்றினாள். 'இரண்டு நாள் முன்னம்' என்ற எங்கள் சட்டம் அன்றைக்கு உடைந்தது.