மலையகத்தில் சொந்தப் பாட்டைத் தேடி: கண்டியிலிருந்து எல்ல வரை

இலங்கையில் ரொக் இசை என்றாலே கொழும்பைத்தான் சொல்வார்கள். ஸ்டிக்மாட்டா போன்ற மெட்டல் குழுக்கள் உருவானதும், பெரிய மேடைகளும் ஒலிப்பதிவுக் கூடங்களும் இருப்பதும் அங்கே என்பதால் அதில் தவறில்லை. ஆயினும் 2001இல் தொடங்கி, ஆங்கிலத்தில் தாங்களே எழுதிய பாடல்களை மேடையேற்றிய பரனொயிட் ஏர்த்லிங் கண்டியிலிருந்து வந்த குழு. அந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் நான் மலையேறினேன். மலைநாட்டில் இப்போது தங்கள் சொந்தப் பாட்டை வாசிப்பவர்கள் யார், எந்த மொழியில் வாசிக்கிறார்கள், அதைக் கேட்க எத்தனை பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதே நான் தெரிந்துகொள்ள விரும்பியது.

கண்டியில் நேரடி இசை பெரும்பாலும் ஹோட்டல்களையும் உணவகங்களையும் நம்பியிருக்கிறது. ஆகவே நாட்காட்டியைப் பார்க்காமல் போகக்கூடாது. போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை தினங்களில் நாடு முழுவதும் மதுபானம் விற்க முடியாது. மது விற்காத இரவில் இசைக்குழுவுக்குச் சம்பளம் கொடுக்க எந்த உணவக உரிமையாளரும் முன்வருவதில்லை. நான் சென்றது வாவிக்கரையிலிருந்து சற்று மேலே, ஒரு சரிவில் இருந்த சிறிய உணவகத்துக்கு. நால்வர் குழு, அனைவரும் பாடசாலைக் காலத்திலேயே ஒன்றாக வாசிக்கத் தொடங்கியவர்கள். முதல் ஒரு மணி நேரம் முழுவதும் எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலப் பாடல்கள். பிறகு மேசைகளில் சாப்பாடு வந்து, பேச்சுச் சத்தம் உயர்ந்து, யாரும் மேடையைக் கவனிக்காத வேளை பார்த்து, தங்களுடைய இரண்டு பாடல்களை அவர்கள் நுழைத்தார்கள். அன்றிரவு கேட்டதில் சிறந்தவை அவைதான். பேஸ் கிட்டாரும் ட்ரம்ஸும் ஒன்றையொன்று துரத்தாமல் இடம்விட்டு நின்றதும், பாடகர் தொண்டையைக் கிழிக்காமல் சொற்களைச் சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தன. கைதட்டியவர்களில் பாதிப்பேர் குழுவின் நண்பர்களாக இருந்திருக்க வேண்டும். கொழும்புக்கு இங்கிருந்து ஏறத்தாழ 115 கிலோமீட்டர். ட்ரம்ஸையும் அம்ப்ளிஃபயர்களையும் வேனில் ஏற்றிச் சென்று, அரை மணி நேரம் வாசித்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்புவதுதான் தங்கள் பாடல்களை முழுமையாகக் கேட்கவைக்க இருக்கும் வழி என்று அவர்கள் சொன்னார்கள்.

அடுத்து ஹட்டன். கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, வட்டவளை என்று பஸ் ஏறிக்கொண்டே போக, ஓட்டுநரின் தலைக்கு மேல் இருந்த திரையில் 'நொன்ஸ்டொப்' ஓடிக்கொண்டிருந்தது. மூச்சுவிட இடைவெளி இல்லாமல் பாடலோடு பாடலைக் கோத்து, இலங்கையின் ஆட்டப் பாடல் வகையான பைலாவின் ஆறெட்டுத் தாளத்தில் எல்லாவற்றையும் ஓட்டிவிடும் இந்த வடிவத்தை இசை ஆர்வலர்கள் இளக்காரமாகப் பேசுவதுண்டு. என்னால் அப்படிப் பேச முடியவில்லை. இந்தத் தீவில் மின்கிட்டாரையும் ட்ரம்ஸையும் கிராமம்வரை கொண்டுசேர்த்தது அதுதான்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் பக்கமாக உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. தோட்டத்து இளைஞர்களுக்குக் கோயில் திருவிழாதான் மேடை. உணவகமோ கலையரங்கமோ அவர்களுக்கு எட்டிய தூரத்தில் இல்லை. மாலையில் கரகமும் காவடியும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றிவந்தபோது தப்பு முழங்கியது. வட்டமான மரச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் இழுத்துக் கட்டிய அந்த வாத்தியத்தை, ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் மறுகையில் தடித்த குட்டையான குச்சியும் கொண்டு அடிக்கிறார்கள். மலையின் ஈரப்பனியில் தோல் அடிக்கடி தளர்ந்துபோவதால், கோயிலுக்குப் பின்னால் காய்ந்த தேயிலை மிளாறுகளால் தீ மூட்டி, வாத்தியங்களை அதன் முன் பிடித்துச் சூடேற்றிக்கொண்டே இருந்தார்கள். சூடேறிய தப்பின் முதல் அடி நெஞ்சுக்கூட்டில் விழுகிறது. ஒலிபெருக்கி இல்லாமல், மின்சாரம் இல்லாமல், திறந்த வெளியில் இவ்வளவு கனத்த ஒலியை எழுப்பும் தாளக்குழுவைக் கண்டியில் நான் கேட்கவில்லை, கொழும்பிலும் கேட்டதில்லை.

தாளம் மாறும் விதத்தையும் கவனித்தேன். கரகத்துக்கு ஒரு அடி, சாமி ஆடும்போது வேறொரு அடி, ஊர்வலம் மேட்டில் ஏறும்போது இன்னொன்று. மூத்த தப்புக்காரர் தலையை இலேசாக அசைத்தால் மற்றவர்கள் அந்த நொடியே மாறிவிடுகிறார்கள். மாசி மாதத்தில் காமன் ஊன்றி, ரதியும் மதனும் ஆடி, காமன் தகனத்தோடு முடியும் காமன் கூத்திலும் இதே கைகள்தான் இரவு முழுக்க வாசிக்கின்றன. தோட்டத்தில் பிறந்து பாராளுமன்றம்வரை சென்ற சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தேயிலைக்கு முந்தைய கோப்பிக் காலம் முதல் பாடப்பட்டவை அவற்றில் உள்ளன. சொந்தப் பாட்டு என்பது இந்த மலைக்குப் புதிதே அல்ல.

இரவு எட்டு மணிக்கு மைதானத்தில் இசைக்குழு ஏறியது. கீபோர்ட், இரண்டு கிட்டார், பேஸ், ட்ரம்ஸ். பாடியவை அனைத்தும் சென்னையின் சினிமாப் பாடல்கள். மூத்தவர்கள் கேட்டதற்காக 1980களின் மெட்டுகள் சில, பிள்ளைகளுக்காக அந்த வருடத்துக் குத்துப்பாட்டுகள். கிட்டார் வாசித்த இளைஞர் ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறார். அவருடைய தாய் கொழுந்தெடுப்பவர். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. இறக்குமதி செய்த நல்ல தந்திகள் ஒரு தொகுதி வாங்க அந்த ஒரு நாள் சம்பளம் போதாது. எனவே அறுந்த தந்தியை மட்டும் மாற்றுகிறார். மற்றவை துருவேறும் வரை கிடக்கின்றன. அவர்களிடம் சொந்தமாகத் தமிழில் எழுதிய பாடல் ஒன்று இருப்பதாக அறிந்து, அதை ஏன் பாடவில்லை என்று கேட்டேன்.

“அண்ணே, தெரியாத பாட்டுப் பாடினா சனம் எழும்பிப் போயிரும். அடுத்த வருசம் கோயில் கமிட்டி நம்மள கூப்பிடாது” என்றார்.

ஆனாலும் பாடினார்கள். ஒலிபெருக்கிக்குக் கொடுத்த அனுமதி பத்து மணிவரைதான். அதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது, பொலிஸார் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய வேளையில், அறிவிப்பு எதுவுமின்றி அந்தப் பாடலைத் தொடங்கினார்கள். ட்ரம்ஸ் வாசித்தவர் எழுந்து பின்னால் போய்விட, மாலையில் ஊர்வலத்தில் வந்த தப்புக்காரர்கள் இருவர் மேடையேறினார்கள். கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் கொஞ்சம் அளவுக்கு மீறியிருந்தது. நடுவில் வந்த நீண்ட கிட்டார் தனி வாசிப்பு வேறொரு பாடலிலிருந்து கழன்று வந்ததுபோல் ஒட்டாமல் நின்றது. ஆனால் தப்பும் பேஸும் சேர்ந்த இடத்தில் முன்வரிசைப் பெண்கள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். கூட்டத்தில் சிலர் எழுந்து போனதும் உண்மை. என் கணக்கில் இந்தப் பயணத்தின் ரொக் இசை அதுதான்.

நுவரெலியாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டத்தில் குதிரைப் பந்தயத்தோடும் மலர்க் கண்காட்சியோடும் இசை நிகழ்ச்சிகளும் நிறைந்திருக்கும். மற்ற மாதங்களில் குளிர்தான். 1,868 மீட்டர் உயரத்துக்குக் கீழ்நாட்டிலிருந்து வரும் குழுக்கள் சுருதி சேர்ப்பதற்கே தவிக்கின்றன. குளிரில் இரும்புத் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும், விளக்கின் சூட்டில் மீண்டும் இறங்கும். தப்புக்காரர் தீ மூட்டுவதைப் போல் இவர்களுக்கு ஒரு வழி கிடைக்கவில்லை.

நானுஓயாவில் ரயில் ஏறி, பட்டிப்பொலவைக் கடந்து ஹப்புத்தளையில் இறங்கினேன். சிங்களப் பாடலுக்கு மின்கிட்டாரைக் கொண்டுவந்த கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இல் பிறந்தது இந்த ஊரில்தான். இந்தி மெட்டுகளில் சிங்களச் சொற்களை வைத்துப் பாடுவது வழக்கமாயிருந்த காலத்தில், 1966இல் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு அவர் தன் மெட்டுகளைத் தானே அமைத்துக் கொடுத்தார். தமிழிலும் 1970களில் ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பொப் பாடல்களைப் பரப்பினார்கள். அவற்றைப் பாமரப் பாடல் என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். இன்றும் அவை திருமண வீடுகளில் ஒலிக்கின்றன. அந்தத் தொடர்ச்சி எங்கே அறுந்தது என்று யோசித்தபடி ஹப்புத்தளைக் கடைத்தெருவில் நடந்தேன். வானொலியில் சினிமாப் பாடல் நிறைந்ததும், கசெட் மலிந்ததும், போர்க்காலத்தில் இரவு நிகழ்ச்சிகள் குறைந்ததும் காரணங்களாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

எல்லவில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஏறக்குறைய ஒவ்வொரு இரவும் இசை உண்டு. நான் நுழைந்த இடத்தில் ரெகேப் பாடல்களை நன்றாகவே வாசித்தார்கள். இடைவேளையில் கீபோர்ட் வாசித்தவர் பண்டாரவளைத் தமிழர் என்று தெரிந்து, தமிழில் பாடுவதில்லையா என்று விசாரித்தேன். கேட்பவர்களுக்கு மொழி தெரியாததால் எந்த மொழியில் பாடினாலும் ஒன்றுதான், ஆனால் மெட்டு மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்றார். ஹட்டன் இளைஞர் சொன்னதும் ஏறத்தாழ அதுவே.

தேடிப் போக விரும்புகிறவர்கள் மாசியில், காமன் ஊன்றிய பிறகு ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் போகலாம். நானும் அப்போதுதான் திரும்பிப் போகிறேன். அதற்குள் இரண்டாவது பாடல் தயாராகிவிடும் என்று அந்தக் கிட்டார்க்காரத் தம்பி சொல்லியிருக்கிறார். முதல் பாடலின் தனி வாசிப்பைக் குறைக்கலாமே என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை, தப்புக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.