அக்கா மனையின் 9 அடி இறக்கம்

கோத்தகிரியில் அக்காவும் மாமாவும் வாங்கிய மனை 40க்கு 60. ரோட்டில் நின்றால் பின்வேலி காலுக்குக் கீழே கிடக்கும். ஆனால் முதலில் அவர்கள் வாங்கிய பிளானில் மனை கேரம் போர்டு மாதிரி சமமாக இருந்தது. வரைந்தவர் இடத்தைப் போய்ப் பார்க்கவே இல்லை. "படத்துல அழகாத்தான் இருக்கு. பின்வாசல்ல கால வச்சா எங்க போய் நிப்பேன்?" என்று அக்கா போனில் கேட்டாள். அந்த வாரமே கோவையிலிருந்து கிளம்பிவிட்டேன்.

வீடு வரையும் மென்பொருளைத் திறந்ததும் நமக்குக் கிடைப்பது தட்டைத் தரைதான். சரிவை அளந்து நாம்தான் கொடுக்க வேண்டும். மேஸ்திரி அண்ணனும் நானும் 10 அடிக்கு ஒரு முளையாக 35 முளை அடித்தோம். கருவி லெவல் டியூப் மட்டுமே, அதாவது தண்ணீர் நிரப்பி இரு முனையிலும் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற குழாய். தண்ணீர் நிரப்பிய உடனே அளக்க அவர் விடவில்லை. டியூப்பை விரலால் சுண்டிச் சுண்டி, ஒட்டியிருந்த காற்றுக் குமிழியெல்லாம் மேலேறிப் போகும்வரை காத்திருந்தார். ஒரு குமிழி உள்ளே நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். இறக்கம் ஆளுயரத்தைத் தாண்டியதும் கீழே உள்ள முளைக்கு மாறி அங்கிருந்து தொடர்ந்தோம். ரோட்டு மூலை சைபர், பின்வேலி ஓரம் 9 அடி பள்ளம்.

ராத்திரி அந்த 35 எண்களிலிருந்து அடிக்கு ஒரு சமமட்டக் கோடு, அதாவது ஒரே மட்டத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு, வரைந்தேன். ஒரு முளை 2.4, அடுத்தது 3.6 என்றால் 3 அடிக் கோடு நடுவில், 5 அடி தூரத்தில் போகும். கோடுகளை அதனதன் ஆழத்துக்கு இறக்கி, நான் வரையும் ஸ்கெட்ச்அப் மென்பொருளில் தரை வரையும் கருவிகளான சாண்ட்பாக்ஸில் 'ஃப்ரம் கான்டூர்ஸ்' கொடுத்தால் முக்கோணங்களாகத் தரை எழும்பும். எல்லைக்கு வெளியே வீணாக முளைக்கும் முக்கோணங்களை அழித்துவிட வேண்டும்.

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இடப்பக்கம் கோடுகள் எல்லாம் மேட்டை நோக்கி வளைந்திருந்தன. அப்படி வளைந்தால் அது தண்ணீர் ஓடும் தடம். பழைய பிளானில் சமையலறை சரியாக அதன் மேல்! புல் மூடியிருந்ததால் நேரில் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த மலையில் தண்ணீரின் வழியில் சுவர் எழுப்பக் கூடாது. வீட்டை 4 அடி வலப்பக்கம் நகர்த்தினேன்.

வீடு 24க்கு 36, நீளவாக்கு இறக்கத்தோடு போகிறது. 36 அடிக்குள் சுமார் 5.4 அடி சரிவு. ஒரே மட்டத்தில் தளம் போட்டால் முன்னால் 2.7 அடி வெட்டி, பின்னால் 2.7 அடி நிரப்ப வேண்டும். வெட்டும் மண் கிட்டத்தட்ட 6 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). வீட்டை நடுவில் பிரித்து, பின்பாதியை 5 படி இறக்கினால் 3 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பாதி மண் இருந்த இடத்திலேயே இருக்கும். எனக்கு இதைவிடப் பெரிய லாபம் தெரியவில்லை.

சாண்ட்பாக்ஸில் உள்ள 'ஸ்டாம்ப்' கருவியை மட்டும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். வீட்டைத் தரையில் பதித்து, சுற்றிலும் நாம் சொன்ன தூரத்துக்குள் சரிவை வழவழப்பாக இணைத்துவிடும். 2 அடிக்குள் 2.7 அடி சரிந்தாலும் படத்தில் நிற்கும். மழையில் ஊறிய மண் நிற்காது. அங்கே தடுப்புச் சுவரும், அதில் தண்ணீர் வடிய பைப்புகளும் நாமே வரைய வேண்டும்.

காலையில் மடிக்கணினியைத் திருப்பி, பின்வாசலைக் காட்டினேன். தளத்துக்கும் மண்ணுக்கும் 16 அங்குலம், 3 படி. அக்கா எண்ணிப் பார்த்தாள். "கடைசிப் படியில உக்காந்து கீரை ஆயலாம்டா" என்றாள்.