ஈர்க்குக் கணக்கு: ஒரு தோட்டத்து நாட்குறிப்பு

2025 மே 11, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுப்பதற்குள்ளேயே என் அப்பாவும் என் மகனும் தோட்டத்துப் பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். மாதம்பைக்கு அப்பால் இருக்கும் ஐம்பது ஏக்கர் தென்னங்காணியின் தலைவிதியைக் கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு பேசுவது எங்கள் குடும்பத்தில் புதிதல்ல. ஆனால் இன்று இருவருடைய குரலும் உயர்ந்த விதம் எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

மகன் சொல்வது இதுதான். கிழக்குப் பக்கத்துப் பன்னிரண்டு ஏக்கரில் நிற்கும் மரங்கள் எழுபது வயதைத் தாண்டிவிட்டன. அவற்றை ஒரே தடவையில் வெட்டி, புதிய கன்றுகள் நட்டு, சூரிய சக்தியில் ஓடும் பம்பியும் சொட்டு நீர்ப்பாசனமும் போட்டு, இடையில் மிளகும் வாழையும் வைக்க வேண்டும் என்கிறான். "காய்க்கிற மரத்தில் கோடரி வைக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன், தம்பி" என்றார் அப்பா. "அம்மப்பா, அவை காய்க்கிற மரங்கள் இல்லை, நிற்கிற மரங்கள்" என்றான் அவன்.

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. அப்பாவின் கணக்குக் கொப்பியிலேயே 1978 இல் ஆறு பறிப்பும் சேர்த்து 181,000 காய். சென்ற ஆண்டு 96,000. ஏக்கருக்கு அறுபத்து நான்கு என்று நட்ட மரங்களில் இடி விழுந்ததும், செவ்வண்டு குடைந்ததும், காற்றில் சாய்ந்ததும் போக இன்று எஞ்சியிருப்பவை 2,700 தான். இந்த எண்களை அப்பாவே தம் கையால் எழுதினார். ஆனால் அவற்றைப் பேரன் வாயால் கேட்க அவரால் முடியவில்லை.

மே 18, ஞாயிறு

மூன்றாவது பறிப்பு முடிந்திருக்கிறது. அதோடு பெரிய பிரச்சினையும் வந்திருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் காய் எண்ணுவது ஈர்க்குக் கணக்கில்தான். குவியலுக்கு முன்னால் கங்காணியார் பலகை போட்டு அமர்ந்திருப்பார். கைக்கு இரண்டாக எடுத்து எறிபவர் நூறு என்று குரல் கொடுத்ததும், கங்காணியார் ஓர் ஈர்க்கை ஒடித்துச் சிரட்டைக்குள் போடுவார். கடைசியில் சிரட்டையில் உள்ள ஈர்க்குகளை எண்ணினால் அதுதான் பறிப்பின் கணக்கு. இம்முறை 213 ஈர்க்கு, அதாவது 21,300 காய்.

மகன் இந்தத் தடவை ஓர் இளைஞனிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, கொக்கத்தடியால் அறுத்து விழுத்திய காயை மரத்தடியிலேயே மரத்துக்கு மரம் பதியச் செய்திருக்கிறான். அந்தக் கணக்கில் 22,140. வித்தியாசம் 840. அதை அவன் ஒரு தாளில் அச்சிட்டு, "இழப்பு" என்று தலைப்பிட்டு, அப்பாவின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

அப்பா தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, நாற்பது வருடம் அந்த மனிதனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இங்கே நான் நித்திரை கொண்டிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். பறிப்பவர் ஒவ்வொருவருக்கும் கூலியோடு இருபத்தைந்து காய், பொறுக்கும் பெண்களுக்கு ஆளுக்குப் பத்து, பக்கத்து விகாரைக்கு ஒரு சாக்கு, கங்காணியார் வீட்டுக்கு மாதச் சமையலுக்கு வேண்டியது என்று பாட்டா காலத்திலிருந்தே ஒரு வழக்கம் இருக்கிறது. அது கொப்பியில் ஒருநாளும் எழுதப்பட்டதில்லை. அப்பாவுக்கு அது எழுதத் தேவையில்லாத விஷயம். மகனுக்கோ எழுதப்படாதது எல்லாம் களவு. எழுதாமல் விட்டது அப்பாவின் பிழை, கேட்காமல் பெயர் வைத்தது மகனின் பிழை என்று இருவரிடமும் தனித்தனியே சொன்னேன். இருவருமே என்னோடு கோபித்துக்கொண்டார்கள்.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

விடுமுறை என்பதால் மகனை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அப்பா வரவில்லை, முழங்கால் வலி என்றார்.

கங்காணியாரை அவருடைய வீட்டு முற்றத்தில் சந்தித்தோம். என்னிடம் சிங்களத்தில், "நோனா, அந்தப் போன் கணக்கு சரிதான், நான் மறுக்கவில்லை" என்றார். உள்ளே போய், பிஸ்கற் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து திறந்தார். அதற்குள் பறிப்புக்கு ஒன்றாக, சிவப்பு நூலால் கட்டிய சிறிய ஈர்க்குக் கட்டுகள் இருந்தன. ஒவ்வொரு பறிப்பிலும் கொடுத்துவிட்ட காய்க்கும் அவர் நூறுக்கு ஒன்று ஒடித்து வைத்திருக்கிறார். சென்ற மாதக் கட்டில் எட்டு முழு ஈர்க்கும் ஒரு பாதியும் இருந்தன. மகன் அந்தக் கட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றான். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டான். அவனுடைய சிங்களம் தடுமாறியது. ஆனாலும் முழு வாக்கியமாகக் கேட்டான். அதை நான் மறக்கமாட்டேன்.

கிழக்குப் பக்கத்தை நடந்து பார்த்தேன். மரங்கள் அண்ணாந்து பார்க்க முடியாத உயரத்தில் நிற்கின்றன. அடிமரம் மெலிந்து, கொண்டையில் ஓலை குறைந்து, குலைக்கு மூன்று நான்கு காய்தான். அந்த உயரத்துக்கு எட்டும் தடியைப் பிடித்து நிதானமாக அறுக்கத் தெரிந்தவர்கள் இப்போது இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். இருவருக்கும் வயது ஐம்பதுக்கு மேல். எங்கள் வீட்டு மேசையில் நீர்க்குழாய், பம்பி, ஏக்கர்க் கணக்கு எல்லாம் வந்திருக்கின்றன. இந்த இரண்டு பேருக்குப் பிறகு யார் என்ற கேள்வி ஒருநாளும் வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ரொறன்ரோவிலிருந்து தம்பி பேசினான். கொழும்பில் ஒரு தேங்காய் இருநூறு ரூபாய்க்குப் போகும் காலத்தில் காணிக்கும் நல்ல விலை கிடைக்கும், துண்டுகளாகப் பிரித்து வீட்டுக்காணியாக விற்றுவிடலாம் என்பது அவன் யோசனை. அப்பாவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

பாட்டாவுக்காக அப்பா விரதம் இருந்தார். படையலுக்கு உடைத்த தேங்காய் தோட்டத்துக் காய்தான். சந்தைத் தேங்காயை அவர் இந்த நாளில் தொடமாட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவராகவே 1972 ஐப் பற்றிப் பேசினார். காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து, தனியார் ஒருவர் ஐம்பது ஏக்கருக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றானபோது, பாட்டாவிடம் இருந்தவை 118 ஏக்கர். எந்த ஐம்பதை வைத்துக்கொள்ள விரும்புகிறோம் என்று எழுதிக் கொடுப்பதற்காக இருபத்தெட்டு வயது அப்பா நான்கு நாட்கள் மரம் மரமாக நடந்திருக்கிறார். கிழக்குப் பக்கத்தை அவர்தான் தேர்ந்தெடுத்தாராம், அங்கேதான் கிணறு வற்றாது என்பதற்காக. "அறுபத்தெட்டு ஏக்கரைச் சட்டம் எடுத்தது. இந்தப் பன்னிரண்டை நானே எடுக்க வேண்டுமா?" என்று கேட்டபோது அவருடைய குரல் நடுங்கியது.

மகன் இந்த முறை வாதாடவில்லை. மெதுவாக, "வெட்டாமல் விட்டால் பத்து வருடத்தில் அவையே விழும், அம்மப்பா" என்றான். அப்பா, "இன்று நட்டால் காய் தொடங்கவே ஐந்தாறு வருடம். நன்றாகக் காய்க்கப் பத்து வருடத்துக்கு மேல். அதுவரை காண்டாமிருக வண்டுக்குக் குருத்தைப் பார்ப்பது யார்? மாசி வெயிலுக்குத் தண்ணீர் விடுவது யார்? உன் போனா?" என்றார்.

மகன் தன் வேலை கொழும்புப் பக்கம் நாவலையில் இருக்கிறது என்றான். அப்பாவுக்கு வயது எண்பத்தொன்று. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மௌனமானபோது, இந்த ஆறு ஏழு மாதச் சண்டையில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத ஒன்றை நானே சொன்னேன். அடுத்த ஆண்டு எனக்கு ஓய்வு; நான் போய் அந்த வீட்டில் இருப்பேன். மரத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் அந்த ஆள் நான்தான். சிறுமியாக இருந்த காலத்தில் விடுமுறைக்கு விடுமுறை அந்தத் திண்ணையில் உறங்கியவள் நான். எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கும், எந்தப் பக்கத்தால் பன்றி வரும் என்று எனக்குத் தெரியும். காணியை நேசிப்பதாகச் சொல்லும் இருவரும் அதில் குடியிருப்பது பற்றி ஒரு சொல்லும் பேசாதது என் மனத்தை எத்தனை காலம் அரித்தது என்பதையும் சொன்னேன்.

மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவோ, "தனியாக ஒரு பெண் அங்கே இருப்பதாவது" என்று கோடரி விஷயத்தைவிடக் கடுமையாக மறுத்தார். இரவு ஒன்பது மணிவரை மறுத்தார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

லீவு போட்டு, ரயிலில் லுணுவிலவுக்குப் போய் தெங்கு ஆராய்ச்சி நிறுவகத்தில் கேட்டு வந்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்ட வேண்டியதில்லை. மூத்த மரங்களின் இடைவெளியில் தென்னம்பிள்ளைகளை நட்டு, அவை வளர வளர மூத்தவற்றில் காய் குறைந்தவற்றை முதலில் பார்த்து ஆண்டுக்குச் சிலவாக எடுத்துக்கொண்டு போகலாம். எது குறைவாகக் காய்க்கிறது என்பதற்கு மரத்துக்கு மரம் எழுதிய கணக்கு வேண்டும்; அது மகனின் கைத்தொலைபேசியில் இப்போது இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். பன்னிரண்டு ஏக்கர் முடியாது, ஐந்து ஏக்கர் என்றார். எந்த மரம் விழ வேண்டும் என்பதைக் கங்காணியார் மரத்தடியில் நின்று சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். சொட்டு நீர்க்குழாய்க்குச் சம்மதம். மிளகுக்குக் கொம்பாகவும் பசளைக்குத் தழையாகவும் கிளிசரியா நடலாம். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது பட்ட பாட்டுக்குப் பிறகு அதில் அவருக்கு மறுப்பில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

காலை ஐந்து மணிக்கே வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டோம். அப்பா முன் இருக்கையில் இருந்தார். 320 பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். மழை பிடித்ததும் நடுகை. இன்று முளை அடிக்கும் வேலை மட்டும்.

நாலு மரத்துக்கு நடுவே ஒரு முளை. மகன் நாடாவை எடுத்து, கைத்தொலைபேசியில் கணக்குப் போடத் தொடங்க, அப்பா கதிரையில் இருந்தபடியே, "இருபத்தாறடிச் சதுரம். மூலையிலிருந்து பதினெட்டடி நாலரை அங்குலம்" என்றார். மகன் போட்ட கணக்கும் அதுவே வந்தது. கங்காணியார் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் மாதிரிக்கு ஒரு குழி வெட்டுவித்து, அடியில் தேங்காய்ப் பொச்சு அடுக்கிக் காட்டினார். பறிக்கும் இருவரில் ஒருவர் தம் மகனையும் அழைத்து வந்திருந்தார். பையனிடம் கொக்கத்தடி பழகச் சம்மதமா என்று கேட்டேன். கூலி என்ன என்று என்னிடம் திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்வி; ஒரு தொகை சொன்னேன், வீட்டில் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான்.

நான் அங்கே போய் இருப்பது பற்றி அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. தம்பிக்கு இன்று இரவு எழுத வேண்டும். கணக்குக் கொப்பியில் "கொடுத்த காய்" என்று ஒரு புதிய நிரலை மே மாதத்திலிருந்து கோடிட்டு, தகரத்திலிருந்த கட்டுகளைப் பார்த்து அப்பாவே நிரப்பினார். மேயில் 850. மகனின் கணக்கோடு பத்துக் காய் பொருந்தவில்லை.

மூன்றாவது வரிசையின் ஏழாவது முளை நாலு அங்குலம் விலகியிருந்தது. அப்பா கைத்தடியால் அதைத் தொட்டுக் காட்டினார். மகன் பிடுங்கி மறுபடி அடித்தான்.